பிள்ளைகளும் மூலிகைகளும்: சென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறு காலைகளில் மூலிகைச் செடிகளை அறிமுகப்படுத்தி வருகிறேன். பெற்றோரும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இத்தனை சிறு வயதில் மூலிகையைப் பற்றி என்ன சொல்லிக் கொடுத்துவிட முடியும்?

மருத்துவத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. செடியோடு பழக்கம் ஏற்படுத்தலாம். இலை எப்படி இருக்கிறது, கசக்கினால் என்ன மணம் வருகிறது, எந்த மாதத்தில் பூக்கிறது, அதற்கு என்ன பெயர், வீட்டில் யார் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் ஆகிய ஐந்தையும் ஐந்து வயதுப் பிள்ளை எளிதாகக் கற்றுக்கொள்ளும்.

இந்த வேறுபாட்டை நான் தவறு செய்துதான் கற்றேன். தொடக்கத்தில் ஒருநாள், "துளசி சளிக்கு நல்லது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று மாலையே ஒரு சிறுமி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த தன் எட்டு மாதத் தம்பியின் வாயில் ஒரு கைப்பிடித் துளசியைத் திணித்துவிட்டாள். தாய் உடனே பார்த்து விரலால் வழித்தெடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிள்ளையின் மேல் பிழையே இல்லை. நான் சொன்னதை அவள் அப்படியே செய்தாள். அன்றிலிருந்து, "எங்கள் ஆயா சளிக்குத் துளசி போட்டுக் கஷாயம் வைப்பார்" என்று செய்பவரையும் சேர்த்தே சொல்லப் பழக்குகிறேன். அப்படிச் சொல்லும்போது, செடிக்கும் நோய்க்கும் நடுவே ஒரு பெரியவர் இருக்கிறார் என்பது பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுகிறது.

எந்தச் செடியிலிருந்து தொடங்கலாம்?

கற்பூரவள்ளியிலிருந்து தொடங்குவதே எனக்குப் பிடித்தமானது. அதன் இலை தடிமனானது. மேலே மெல்லிய பூனைமயிர் போன்ற சுணை உண்டு. விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். காம்போடு ஒடித்தால் 'பட்' என்று ஓசை கேட்கும். அந்த ஓசைக்காகவே பிள்ளைகள் இன்னொன்றை ஒடிக்கக் கேட்பார்கள். ஒருவருக்கு ஓர் இலை என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கண்ணை மூடச் சொல்லி, கசக்கிய இலையை மூக்கருகே வைத்தபோது ஒரு பையன், "இது ஓமத் தண்ணி" என்றான். அந்தச் செடிக்கு ஓமவல்லி என்றும் பெயர் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. முன்னோர் பெயர் வைத்த வழியிலேயே அவனும் போய்ச் சேர்ந்திருந்தான்.

அடுத்து நொச்சி, துளசி, தும்பை, பூவரசு என்று போகலாம். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதக் கற்றுக் கொடுத்தால் அந்த மரத்தைப் பிள்ளை வாழ்நாள் முழுதும் மறக்காது.

பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டுமா?

தேவையில்லை. தமிழில் பல மூலிகைகளின் பெயரே பாடமாக இருக்கிறது. பெயரைப் பிரித்துக் காட்டினால் போதும். கீழாநெல்லியின் இலைக்காம்பைத் திருப்பினால் அடியில் நெல்லிக்காயைச் சிறிதாக்கி வரிசையாக ஒட்டியது போலக் காய்கள் தொங்கும். ஆடு தொடாத இலை ஆடாதோடை என்று பெரியவர்கள் சொல்வார்கள். முடக்கை, அதாவது மூட்டுப் பிடிப்பை, அறுப்பதாகக் கருதப்பட்டது முடக்கறுத்தான். அதுதான் நம் வாயில் முடக்கத்தான் ஆகிவிட்டது, தோசை மாவோடு அரைக்கும் அதே கீரை. செடிகள் மண்டிய இடத்தில் நடந்து வந்தபின் பாவாடையிலும் காலுறையிலும் ஒட்டிக்கொண்டு வருவது நாயுருவி. அந்த விதைகளைப் பிள்ளைகளே பிடுங்கி எண்ணட்டும். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயரும் உண்டு. அதன் வேரைப் பிடுங்கி வைத்தால் தெருப் பூனை வந்து முகர்ந்து புரள்வதைப் பல வீடுகளில் பார்க்கலாம். எங்கள் மாடிக்கு வரும் சாம்பல் நிறப் பூனை இதை இரண்டு முறை செய்து காட்டிவிட்டது; அந்த இரண்டு வகுப்புகளிலும் வேறெதையும் நடத்த முடியவில்லை.

சென்னையின் ஊர்ப் பெயர்களும் இதற்கு உதவுகின்றன. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்தின் பெயரில் நொச்சி இருக்கிறது. புரசைவாக்கத்தின் பெயர் புரச மரத்தால் வந்தது. அங்குள்ள கங்காதீசுவரர் கோயிலின் தலமரமும் அதுவே. மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலில், அகத்தியருக்கு மூலிகைகளின் இயல்பை இறைவனே உபதேசித்தார் என்பது தலபுராணம். பேருந்தில் போகும்போது பெயர்ப் பலகையைக் காட்டி இவற்றைச் சொன்னால், வகுப்பு என்று தனியாக ஒன்று தேவைப்படாது.

சற்றே பெரிய பிள்ளைகளுக்குப் போர்க்கதை பிடிக்கும். பழந்தமிழ்ப் போர் மரபில் மதிலைக் காத்தவர்கள் நொச்சிப் பூவையும் மதிலை முற்றுகையிட்டவர்கள் உழிஞைப் பூவையும் சூடினார்கள் என்று புறப்பொருள் இலக்கணம் கூறுகிறது. அந்த உழிஞைதான் நம் முடக்கத்தான் கொடி என்பர். தோசைக்கு அரைக்கும் கீரையைச் சூடிக்கொண்டு கோட்டையைப் பிடிக்கப் போனார்கள் என்பதைக் கேட்டு ஏழு வயதுப் பையன்கள் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

நாட்டு மூலிகைகளை மட்டும்தான் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

நம் வீடுகளில் 'நாட்டு மூலிகை' என்று நினைப்பவற்றுள் சில வெளியிலிருந்து வந்தவை. கற்பூரவள்ளிக்குப் பூர்விகம் ஆப்பிரிக்கா. சோற்றுக் கற்றாழைக்கு அரேபியத் தீபகற்பம். சுடுகாட்டுப் பூ என்று சிலர் ஒதுக்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் அதே செடியை வீட்டில் தின்றால் நஞ்சு. வேம்பு, நொச்சி, துளசி, ஆடாதோடை, தூதுவளை ஆகியவை இந்த மண்ணுக்கே உரியவை. எது இங்கே பிறந்தது, எது விருந்தாளியாக வந்து தங்கியது என்று பிரித்துச் சொன்னால் போதும். விருந்தாளியை விரட்ட வேண்டியதில்லை.

பிள்ளைகளைச் சுவைத்துப் பார்க்க விடலாமா?

சமையலறையில் விடலாம், செடியருகே விடக் கூடாது. தோட்டத்தில் கண்ணும் மூக்கும் விரலும் வேலை செய்யட்டும். நாக்குக்கு அடுப்படியில்தான் இடம். இந்த ஒரு விதியில் மட்டும் நான் விட்டுக் கொடுப்பதே இல்லை. தும்பைப் பூவின் அடியை உறிஞ்சித் தேன் குடித்த நினைவு நமக்கெல்லாம் இருக்கிறது. எனக்கும் அதை விலக்க வருத்தம்தான். ஆனால் ஒரு வெள்ளைப் பூவை உறிஞ்சலாம் என்று கற்ற நான்கு வயதுப் பிள்ளை, அடுத்த வெள்ளைப் பூ ஊமத்தையாக இருந்தாலும் உறிஞ்சும்.

அடுப்படியில் அறுசுவையைக் காட்டுவது மிக எளிது. வெல்லம், புளி, உப்பு, மிளகு ஆகிய நான்கும் எந்த வீட்டிலும் உண்டு. கசப்புக்கு வேப்பம்பூ, பங்குனி, சித்திரையில் மரத்தடியில் துணி விரித்துச் சேர்த்து, உலர்த்தி, நெய்யில் வறுத்துச் சித்திரை முதல் நாள் பச்சடியில் போடுவது. துவர்ப்புக்கு நெல்லிக்காய். பெரிய நெல்லியை ஒரு கீற்று மெல்லக் கொடுத்து, முகத்தைச் சுளிக்கும்போதே ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இனிக்கும். சித்த மருத்துவம் மருந்தின் குணத்தைச் சுவையிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. அதற்கான முதல் படி இந்த நெல்லிக்காய்தான்.

எந்தச் செடிகளைத் தொடவே கூடாது என்று சொல்ல வேண்டும்?

நல்ல மூலிகைகளுக்கு முன்பே இவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. சென்னையில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவற்றையே சொல்கிறேன்.

அரளியில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எதுவானாலும் இலை, பூ, விதை அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆனாலும் பூசைப் பூ என்பதால் வாசலிலேயே நிற்கும். காலி மனைகளின் ஓரத்தில் வளரும் காட்டாமணக்கின் விதை நிலக்கடலை போலச் சுவைப்பதால், பிள்ளைகள் பகிர்ந்து தின்று கூட்டமாக வாந்தியோடு மருத்துவமனைக்கு வரும் செய்தியை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். பல்லாங்குழிக்கும் அலங்காரத்துக்கும் வைத்திருக்கும் குன்றிமணி, கடித்து உடைத்தால் கொடிய நஞ்சு. எருக்கின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை தொடுக்கும்போது பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி உட்கார வையுங்கள். ஊமத்தை, ஆமணக்கு விதை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் நஞ்சுதான். பாடப் புத்தகத்தில் படத்தைக் காட்டும்போதே அதையும் சொல்லிவிடலாம்.

மணத்தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீரையைக் கூட்டாகச் சமைக்கிறோம். வாய்ப்புண்ணுக்கு நல்லது என்கிறோம். பழுத்த கரும்பழத்தையும் தின்கிறோம். பழுக்காத பச்சைக் காயைப் பச்சையாகத் தின்றால் வயிற்றைப் புரட்டும். ஒரே செடியில் ஒரு பகுதி உணவு, இன்னொரு பகுதி கேடு என்பதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. கறுத்த பழத்தையும் பச்சைக் காயையும் இரண்டு கொட்டாங்கச்சியில் பிரித்துப் போடச் சொல்வேன். பிரித்த பின் கையைக் கழுவுவதும் விளையாட்டின் ஒரு பகுதி.

தெரியாமல் வாயில் போட்டுவிட்டால் என்ன செய்வது?

வாயில் மீதியுள்ளதை எடுத்துவிட்டுத் தண்ணீரால் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள்; மோர், உப்புத் தண்ணீர் என்று எதையும் புகட்டாதீர்கள். தின்ற செடியில் ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், 108-ஐ அழைக்கலாம். அறிகுறி தெரியும் வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் பழகிய கை மருந்துகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

இது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. நான் மருத்துவர் அல்லேன். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் கேட்கப்படுவதால், உறுதியாகச் சொல்லக் கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக் கூடிய பாக்டீரிய வித்துகள் பச்சிளங் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் 'பேர் சொல்லா மருந்து' என்றும் அழைக்கப்படும் வசம்பைச் சுட்டு, இழைத்துப் பச்சிளங் குழந்தையின் நாக்கில் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருளைக் கருதி இன்றைய குழந்தை மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். வசம்பின் மணத்தையும் அதன் பெயர்க் கதையையும் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். நாக்கில் தடவ வேண்டாம். வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்ததால் குழந்தைகளுக்கு வலிப்பும் மூளை பாதிப்பும் நேர்ந்து, இறப்பும் நிகழ்ந்திருப்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. குப்பைமேனியை உட்கொண்டதால், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்ததும் பதிவாகியிருக்கிறது. அந்தக் குறைபாடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. நொச்சி ஆவி பிடிக்கும்போது பிள்ளைகளுக்கு ஏற்படும் தீங்கு பெரும்பாலும் நொச்சியால் அன்று, கொதிக்கும் பாத்திரம் கவிழ்வதால்.

நிலவேம்புக் குடிநீரைப் பற்றியும் கேட்பார்கள். டெங்கு பரவிய ஆண்டுகளில் தமிழ்நாடு அரசே அதை வழங்கியதால், அது எந்தக் காய்ச்சலுக்கும் எந்த வயதுக்கும் எந்த அளவிலும் கொடுக்கலாம் என்ற எண்ணம் பரவிவிட்டது. அது ஒன்பது சரக்குகள் சேர்ந்த மருந்து. பிள்ளைக்குக் கொடுப்பதா, எவ்வளவு என்பதைச் சித்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் குழந்தை மருத்துவத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. பக்கத்து வீட்டு வாட்ஸ்அப் செய்தியைவிட அங்கே ஒருமுறை வரிசையில் நிற்பது மேல்.

பாட்டி சொன்னதெல்லாம் உண்மை என்று பிள்ளையிடம் சொல்லலாமா?

பாட்டி சொன்னார் என்பது உண்மை. அதை அப்படியே சொல்லுங்கள். அவர் சொன்னது எல்லா நிலையிலும் பலிக்கும் என்பது வேறு செய்தி. தமிழில் இதற்கு அருமையான வசதி இருக்கிறது: 'என்பார்கள்' என்று முடித்தால் ஒரு பொருள், 'கண்டறிந்திருக்கிறார்கள்' என்று முடித்தால் வேறு பொருள். பிள்ளைகள் இந்த வேறுபாட்டை நாம் நினைப்பதைவிட விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்வேன். இருமலுக்கு ஆடாதோடை என்பார்கள். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டே ப்ரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து உருவாக்கப்பட்டது. இன்று அது இருமல் மருந்துப் புட்டிகளில் இருக்கிறது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பார்கள். சென்னை ஆய்வாளர் எஸ். பி. தியாகராஜனும், கல்லீரலைத் தாக்கிக் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து, அந்த வைரஸை உடலில் தாங்கியிருப்பவர்களுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துச் சோதித்து, நம்பிக்கையூட்டும் முடிவை 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பிறகு மற்ற இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் இதை, "பாட்டி சொன்னதைச் சோதித்துப் பார்த்தார்கள், முதலில் ஆமாம் என்று வந்தது, திரும்பச் சோதித்தபோது அப்படி வரவில்லை" என்று சொன்னால் போதும். காமாலை வந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை என்பதைப் பெற்றோருக்குச் சொல்கிறேன்.

சென்னையில் எங்கே போய்ப் பார்க்கலாம்?

முதலில் உங்கள் தெருவில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் நடைபாதை ஓடுகளின் இடுக்கிலும் மதிற்சுவர் ஓரத்திலும் கீழாநெல்லியும் குப்பைமேனியும் மூக்கிரட்டையும் தாமாகவே முளைத்திருக்கும். அதைவிட நல்ல பருவம் வேறில்லை. பெசன்ட் நகர்க் கடற்கரையில், மணலைப் பிடித்துக்கொண்டு ஆட்டுக்குளம்பு வடிவ இலையோடு படரும் அடம்பங்கொடியைக் காட்டுங்கள். நெய்தல் நிலப் பாடல்களில் வரும் அடும்பு அதுதான். கத்தீட்ரல் சாலையில் 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவுக்கும் போகலாம். பூங்காக்களில் பறிக்கக் கூடாது. கீழே விழுந்த இலையே நோட்டுப் புத்தகத்தில் ஒட்டப் போதும்.

தெருவோரத்தில் பார்த்ததைப் பறித்து வந்து சமைக்கலாமா?

வேண்டாம். வண்டிப் புகை, நாய்கள், மாநகராட்சி தெளிக்கும் கொசு மருந்து ஆகிய எல்லாம் அதன் மேல்தான் படிகின்றன. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரத்தில் செழிப்பவை என்பதால் கால்வாய்க் கரைகளிலும் தழைக்கும். அந்த மண்ணிலுள்ள உலோகக் கழிவு இலைக்குள்ளும் ஏறும்.

எங்கள் வீட்டில் பால்கனி மட்டும்தான் உண்டு. என்ன வளர்க்கலாம்?

கற்பூரவள்ளியின் கொம்பு ஒன்றை ஒடித்து நட்டால் ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும். துளசி, வல்லாரை, சிறு தொட்டியில் கீழாநெல்லி ஆகியவை போதும். தூதுவளைக்கு முள் உண்டு. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் உயரத்தில் தொங்க விடுங்கள். சித்திரை வெயிலில் மதிய நேரம் நிழல் வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். காய்ச்சலுக்கு மூலிகை வளர்க்கிறோம் என்று டெங்குக் கொசுவை வளர்த்த பால்கனிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. எங்களுக்கே ஒன்றும் தெரியாது. யாரிடம் கேட்பது?

தெருவில் கீரை விற்க வரும் அம்மாவிடம் கேளுங்கள். எங்கள் தெருவுக்கு வருபவர் கூடையை இறக்கியதும் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். முருங்கை, மணத்தக்காளி, முடக்கத்தான், பொன்னாங்கண்ணி என்று ஒவ்வொரு கட்டாக எடுத்துப் போட்டு, "இது யாரு சொல்லு கண்ணு?" என்பார். தவறாகச் சொன்னால் கட்டைத் திருப்பித் தண்டைக் காட்டுவார். நாட்டுப் பொன்னாங்கண்ணிக்கும் சிவந்த சீமைப் பொன்னாங்கண்ணிக்கும் உள்ள வேறுபாட்டை நானே அவரிடம்தான் சரியாகக் கற்றுக்கொண்டேன். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கமுள்ள நாட்டு மருந்துக் கடைகளுக்கும் கூட்டமில்லாத முற்பகலில் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, கடுக்காய் என்று ஐந்தைப் பத்துப் பத்து ரூபாய்க்கு வாங்கி, வீட்டுக்கு வந்து மூடியுள்ள ஐந்து டப்பாக்களில் போட்டு, பிள்ளையின் கையாலேயே பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். டப்பாக்கள் மேல் தட்டில் இருக்கட்டும். இறக்கிக் கொடுப்பது உங்கள் கையாக இருக்கட்டும்.